ஆர்கனும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும்: வேலூர் மொட்டை மாடில உக்காந்து கேக்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராஜா சார் 2025 மார்ச் 8 லண்டன்ல சிம்பொனி அரங்கேத்துனதுல இருந்து எங்க வீட்ல ஒரு புது தொல்லை. என் மச்சான் ராணிப்பேட்டைல தோல் கம்பெனில வேல பாக்கறான், அதுவரைக்கும் கானா தவிர வேற எதையும் முழுசா கேட்டவன் இல்ல, ஒரு நாள் ராத்திரி சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து "மாமா, சிம்பொனில சர்ச் ஆர்கன்லாம் வாசிப்பாங்களாமே, ஒன்னு போடு பாக்கலாம்"னான். சரின்னு போன்லயே சான்-சான்ஸ்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரோட மூணாவது சிம்பொனிய போட்டேன். பன்னெண்டு நிமிஷம் பொறுமையா கேட்டுட்டு "இதுல ஆர்கன் எங்க மாமா?"ன்னு கேக்கறான். ஆர்கன் அப்ப ரெண்டு நிமிஷமா ஓடிகினுதான் இருக்கு. அவனுக்கு கேக்கல, போன் ஸ்பீக்கர்ல அது வரவும் வராது.

அன்னைக்கு அவனுக்கு சொன்னதெல்லாம் இங்க வரிசையா எழுதறேன். ஆர்கன்னாலே காத கிழிக்கற சத்தம்னு நெனச்சு வர்றவங்கதான் அதிகம், அந்த சத்தம் வரும், நல்லாவும் இருக்கும், ஆனா ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கும்போது அது அடியில படுத்துகினு இருக்கற நேரம்தான் எனக்கு பெருசா படுது. அத புடிக்கறதுக்குதான் இவ்ளோ படியும்.

மொத வேல: ஆர்கன்னா இன்னான்னு புரிஞ்சுக்கறது

எங்க சித்தப்பா சர்ச்ல கால் ஆர்மோனியம் வாசிப்பாரு, ரெண்டு காலாலயும் மிதிச்சுகினே பாமாலை (சர்ச் பாட்டு) போட்டா முட்டி வரைக்கும் வேட்டி ஏறிடும். அதுல வர்றது ரீடு, பித்தளை நாக்கு ஆடி வர்ற சத்தம். பைப் ஆர்கன் வேற ஜாதி. அதுல ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழல் தனியா நிக்கும், பெரும்பாலும் புல்லாங்குழல் மாதிரி வாய்ல காத்து பட்டு பாடற குழல், கொஞ்சம் குழல்ல மட்டும் நாக்கு இருக்கும். கைக்கட்டைல பொதுவா 61 கீ, அப்படின்னா ஒரே ஒரு குரலுக்கு 61 குழல் வேணும், அந்த மாதிரி குரலுக்கு பேரு ஸ்டாப். அம்பது ஸ்டாப் இருந்தா கணக்கு நீங்களே போட்டுக்கங்க. பிலடெல்ஃபியாவுல ஒரு பெரிய டிபார்ட்மென்ட் கடைக்குள்ள வெச்ச வானமேக்கர் ஆர்கன்ல 28,000க்கு மேல குழல். கடைலன்னு திரும்ப ஒரு தடவ சொல்றேன்.

ஸ்டாப்ப இழுத்து தொறக்கற குமிழ் மேல 8, 16, 32ன்னு எழுதி இருக்கும், அது அடி கணக்கு. 8 அடி குழல்ல கீழ் கோடி சி சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். நீளம் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்தாயி கீழ எறங்கும், 16 அடிக்கு 33, 32 அடிக்கு சுமார் 16. மூணு மாடி உயரத்துக்கு ஒரு குழல், அதுல வர்ற சுரம் மனுஷன் காதுக்கு கிட்டத்தட்ட எட்டாது. உக்காந்திருக்கற பெஞ்சு சொல்லும், நெஞ்சு சொல்லும்.

இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். கால் ஆர்மோனியத்துல வேகமா மிதிச்சா சத்தம் ஏறும். பைப் ஆர்கன்ல காத்தோட அழுத்தம் மாறாது, கீய மெதுவா தொட்டாலும் ஓங்கி குத்தினாலும் அதே சத்தம்தான். வயலின்காரர் வில்ல அழுத்துவாரு, பியானோகாரர் விரல அழுத்துவாரு, ஆர்கன்காரருக்கு அந்த வசதியே கெடையாது. அவர் கையில இருக்கறது மூணு: எந்த ஸ்டாப்ப இழுக்கறதுன்றது, ஸ்வெல் பெட்டின்னு சொல்ற, குழலுங்கள உள்ள வெச்சு பலகை ஜன்னல் போட்ட ரூம கால் பெடலால தொறந்து மூடறது, அப்புறம் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல விடற இடைவெளி. ஒரு சுரத்துக்கு அழுத்தம் குடுக்கணும்னா அதுக்கு முன்னாடி சுரத்த ஒரு மயிரிழை சீக்கிரம் விட்டுருவாரு. அந்த குட்டி மவுனத்துக்கு அப்புறம் வர்ற சுரம் பெருசா கேக்கும், காது ஏமாந்துடும். நல்ல வாசிப்பு எது சுமாரான வாசிப்பு எதுன்னு எனக்கு காட்டி குடுத்ததே இந்த இடைவெளிதான்.

ரெண்டாவது வேல: சாமான்

போன் ஸ்பீக்கர் வேணாம். நூறு ஹெர்ட்ஸுக்கு கீழ அதுல ஒன்னும் உருப்படியா வராது, அதனாலதான் என் மச்சானுக்கு ஆர்கன் காணாம போச்சு. காசு செலவு பண்ணணும்னு அவசியம் இல்ல, காதுக்குள்ள நல்லா அடைச்சு உக்கார்ற சாதாரண இயர்ஃபோன் போதும், கொஞ்சம் லூசா இருந்தா கூட பேஸ் வெளிய போய்டும், அதனால ரப்பர் சைஸ் மாத்தி மாத்தி போட்டு பாருங்க. போன்ல டோன் ஜெனரேட்டர்னு ஆப் கெடைக்கும், அதுல 60, 40, 30ன்னு ஒவ்வொன்னா வெச்சு கேளுங்க. 40 தெளிவா கேட்டா பாஸ். (குடியாத்தம் போற பிரைவேட் பஸ்ல சீட்டுக்கு அடியில இருக்கற ஊஃபர்ல இத ஒரு நாள் போட்டு பாக்கணும்னு எனக்கு ஆச, டிரைவர் அண்ணன் ஒத்துக்கணும்.)

வால்யூம் வைக்கறதுல எல்லாரும் தப்பு பண்றாங்க. ஆரம்பத்துல மெதுவா இருக்கேன்னு ஏத்தி வெச்சுட்டு கடைசில ஆர்கன் முழுசா தொறக்கும்போது காத புடிச்சுகினு உக்காருவாங்க. மொதல்ல கடைசி பகுதிக்கு போய் அந்த பெரிய அடிய ஒரு தடவ கேட்டு அதுக்கு தாங்கற மாதிரி வால்யூம் வெச்சுக்கங்க, அப்புறம் முதல்ல இருந்து போடுங்க, நடுவுல கை வைக்காதீங்க.

அடுத்தது ஃபேன். ஆஃப் பண்ணியே ஆகணும். வேலூர்ல கத்திரி வெயில்ல ஃபேன் இல்லாம உக்காருன்னு சொன்னா அடிக்க வருவீங்க, தெரியும், அதனாலதான் மார்கழி, இல்லனா விடியக்காலை அஞ்சு மணி, இல்லனா ராத்திரி பத்துக்கு மேல மொட்டை மாடி. ஆர்கன் மெல்லிசா வாசிக்கற எடமும் ஃபேன் ஓடற இரைச்சலும் ஒரே ஜாதி சத்தம், ஒன்னு இன்னொன்ன முழுங்கிடும்.

மூணாவது: சான்-சான்ஸ், கூடவே உக்காந்து

எழுத்துல செயின்ட் மாதிரி இருக்கும், வாயில சான்-சான்ஸ். இவரே ஆர்கன்காரர், பாரிஸ்ல மடலேன் சர்ச்ல 1858ல இருந்து 1877 வரைக்கும் வாசிச்சவர். மூணாவது சிம்பொனி லண்டன் பில்ஹார்மோனிக் சொசைட்டி கேட்டு எழுதுனது, 1886 மே மாசம் லண்டன்ல அவரே நடத்துனாரு. கணக்குக்கு ரெண்டே பகுதி, ஒவ்வொன்னும் ரெண்டா பிரியும், மொத்தம் ஒரு 35 நிமிஷம்.

மொத பத்து நிமிஷம் ஆர்கன் இல்ல. வயலின்லாம் பதட்டமா ஓடிகினு இருக்கும், மழைக்கு முன்னாடி காத்து அடிக்கற மாதிரி. அந்த ஓட்டம் அடங்கி எல்லாம் நின்னு போன மாதிரி ஒரு எடம் வரும், பத்தாவது நிமிஷத்துக்கு பக்கத்துல, பதிவுக்கு பதிவு கொஞ்சம் மாறும். அங்க கண்ண மூடுங்க. யாரும் ஒன்னும் ஆரம்பிச்ச மாதிரியே இருக்காது, ஆனா ரூமோட தரை கொஞ்சம் அகலமாகும். அதான் ஆர்கன். மெல்லிசா நீண்ட கார்டு (பல சுரத்த ஒரே நேரத்துல புடிக்கறது), காலடில ஒரு கீழ் சுரம், அதுக்கு மேல வயலின், அதோட பெரிய உறவுக்காரங்க வயோலா, செல்லோ எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டு.

நாதஸ்வர கச்சேரில ஒத்து ஊதறவர பாத்திருப்பீங்க. கன்னம் உப்ப ஒரே சுரம், யாரும் அவர பாக்கறதில்ல, கை தட்டறதில்ல, ஜலகண்டேஸ்வரர் கோயில்ல மேளம் நடக்கும்போது அவர் ஒரு செகண்டு மூச்சு வாங்கி விட்டுட்டாருன்னா மட்டும் மொத்த கூட்டமும் திரும்பும். ஆர்கன் நுழைஞ்ச அப்புறம் வர்ற பத்து நிமிஷத்துல அது பண்றது கிட்டத்தட்ட அந்த வேலதான், என்ன, ஒத்து ஒரே சுரத்துல நிக்கும், இது கார்டு மாத்தி மாத்தி நடக்கும். மூச்சு வாங்க வேண்டியதில்லாத ஒரே வாத்தியம் அந்த மேடைல அதுதான். வயலின் வில்லு திரும்பும், குழல்காரர் மூச்சு எடுப்பாரு, ஆர்கன் மட்டும் கைய எடுக்கற வரைக்கும் நிக்கும். மொத தடவ மெட்ட கேளுங்க. ரெண்டாவது தடவ மெட்ட விட்டுட்டு கீழ மட்டும் கேளுங்க. ரெண்டாவது தடவைதான் என் மச்சான் "ஏய் தோ, தோ இருக்கு"ன்னு எழுந்து உக்காந்தான்.

ரெண்டாவது பகுதில மறுபடி வேகம், பியானோ கூட வந்துட்டு போகும், ஆர்கன் வாய மூடிகினு இருக்கும். அந்த ஓட்டமும் தேஞ்சு அடங்கும், அடங்குன உடனே எச்சரிக்கையே இல்லாம சி மேஜர்ல முழு ஆர்கனும் ஒரே அடி. எல்லாரும் இந்த அடிக்காகத்தான் வருவாங்க, தப்பில்ல. நான் சொல்றது, அடி முடிஞ்சு கொஞ்ச நேரத்துல வயலின்லாம் மெட்ட மெதுவா வாசிக்கும்போது பியானோல ரெண்டு பேர், நாலு கை, சில்லற கொட்டற மாதிரி ஒன்னு வரும், அத விட்டுடாதீங்க, நான் மூணு வருஷம் விட்டிருக்கேன்.

பதிவுன்னு கேட்டா கண்டக்டர் சார்ல்ஸ் மூன்ஷ் பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவோட 1959ல போட்டது, ஆர்கன்ல பெர்ஜ் சாம்கோச்சியன். இன்னொன்னு பேரன்பாய்ம்ன்ற கண்டக்டர் 1975ல பண்ணது, அதுல ஒரு கூத்து இருக்கு: ஆர்கெஸ்ட்ரா சிகாகோல, ஆர்கன் பிரான்ஸ்ல ஷார்த்ர் கதீட்ரல்ல. காஸ்டன் லித்தேஸ் ஆர்கன தனியா வாசிச்சு, அப்புறம் ரெண்டையும் ஒட்டினாங்க. கேட்டா ஒட்டு தெரியாது. ஆனா அது எனக்கு கொஞ்சம் உறுத்தும், ஏன்னு அடுத்தத படிச்சா தெரியும்.

நாலாவது: யார் யாருக்கு அட்ஜஸ்ட் பண்றாங்கன்னு கேளுங்க

சாதாரணமா ஆர்கெஸ்ட்ரால ஓபோன்ற குழல் வாசிக்கறவர் ஏ சுரம் குடுப்பாரு, எல்லாரும் அதுக்கு சுருதி சேப்பாங்க. ஆர்கன் இருந்தா ஆர்கனோட ஏ-தான் சட்டம், ஏன்னா ஆயிரக்கணக்கான குழல ஒரு சாயங்காலத்துல மாத்த முடியாது. அதுக்கு மேல வெயில் தொல்லை. காத்து சூடானா அதுல சத்தம் வேகமா போகும், அதனால குழலோட சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட், அரை சுரத்த நூறு பங்கா போட்டா அதுல மூணு. நம்ம ஊர்ல காலைல 28 டிகிரி மதியம் 40ன்னு வெச்சுக்கங்க, 36 சென்ட் ஏறிடும், அரை சுரத்துல மூணுல ஒரு பங்கு. அதே வெயில்ல வயலின் கம்பி தளர்ந்து சுருதி எறங்கும். ஒன்னு மேல ஒன்னு கீழ. நாக்கு இருக்கற குழலுங்க வேற அவ்ளோவா நகராது, அதனால ஆர்கன் தனக்குள்ளயே சண்ட போட்டுக்கும். பெரிய ஹால்ல ஒத்திகைல இருந்தே ஏசிய ஒரே அளவுல வெக்கறது ஆடியன்ஸுக்காக மட்டும் இல்ல.

சுருதி வெவகாரம் எனக்கு புத்தகத்துல புரியல, ஒரு கிறிஸ்துமஸ்ல புரிஞ்சது. நம்ம பக்கத்துல ஒரு சர்ச், பேரு வேணாம், கரண்ட்ல ஓடற ஆர்கன், நான்தான் வாசிக்கறேன். கேரல் ரெண்டாவது சரணத்துல கரண்ட் போச்சு. பாடகர் குழு நிறுத்தாம பாடிகினே போனாங்க, சர்ச் போதகர் ஐயரும் கண்ண காட்டி தொடரு தொடருன்றாரு. நாலாவது சரணத்துல கரண்ட் வந்துது, நான் சந்தோஷமா கார்ட வெச்சேன் பாருங்க, குழு அதுக்குள்ள கால் சுரம் கீழ எறங்கி இருந்தாங்க. சர்ச் முழுக்க ஒரு தகர டப்பா நசுங்குன சத்தம். எறங்கி வர என் ஆர்கனுக்கு தெரியாது, ஏறி வர அவங்களுக்கு ரெண்டு வரி ஆச்சு. பெரிய மேடைல வயலின்காரங்க அந்த வேலைய ஒவ்வொரு நொடியும் ஆர்கனுக்காக செஞ்சுகினு இருக்காங்க, அதனாலதான் ஒட்டுப்போட்ட பதிவு எனக்கு உறுத்துது.

நேரமும் அப்படித்தான். சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். குழலுங்க மேடைக்கு பின்னாடி 30 மீட்டர் தள்ளி இருந்தா பத்துல ஒரு பங்கு செகண்டுக்கு கொஞ்சம் கம்மியா லேட்டு, வேகமான பாட்டுல அது ஒரு முழு சுரம். அதனால ஆர்கன்காரர் தன் காத நம்பாம கண்டக்டர் கைய நம்பி வாசிப்பாரு, எல்லாருக்கும் முன்னாடியே வாசிக்கற மாதிரி அவருக்கு இருக்கும், ஆடியன்ஸுக்கு சரியா வந்து சேரும். முதுக காட்டி உக்காந்திருந்தா எதிர்ல ஒரு கண்ணாடி இல்லனா சின்ன டிவி இருக்கும், வீடியோல தேடுங்க.

அஞ்சாவது: வீடியோல கால பாருங்க

விரல் வேகம்லாம் பியானோல பாத்ததுதான். இங்க ரெண்டு காலுக்கும் தனி கீபோர்டு, முப்பது முப்பத்திரண்டு மரக்கட்டை, குதிகாலும் முன்பாதமும் மாத்தி மாத்தி, அதுக்குன்னு மெல்லிசான தோல் ஷூ (ஆம்பூர்காரங்க யாராவது இத செய்யறாங்களான்னு தெரிஞ்சா சொல்லுங்க). அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 1960ல பிலடெல்ஃபியாவுக்கு எழுதுன டொக்காட்டா ஃபெஸ்டிவான்ற உருப்படில ஒரு எடத்துல ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் நின்னுடும், ஆர்கன்காரர் கையையும் எடுத்துட்டு காலாலயே தனியா வாசிப்பாரு. கையில ஒன்னுமே இல்லாம காலு மட்டும் ஓடறத பாத்து எங்க அம்மா "இன்னாடா இந்தாளு, தறியில உக்காந்த மாதிரி இருக்காரு"ன்னாங்க. குடியாத்தத்துல பொறந்தவங்க, அவங்களுக்கு அப்படித்தான் தோணும், உவமை சரியாவும் இருந்துது.

கைக்கட்டைக்கு கீழ சின்ன சின்ன பட்டன் இருக்கும், பிஸ்டன். முன்னாடியே சேத்து வெச்ச ஸ்டாப் கூட்டணிய ஒரே அழுத்துல கொண்டு வரும். எந்த சுரத்துக்கும் எந்த சுரத்துக்கும் நடுவுல கட்டை விரல் அத தொடுதுன்னு பாருங்க.

ஆறாவது: பூலாங்க்

இவரும் பிரெஞ்சு இசையமைப்பாளர், இவரோட ஆர்கன் கான்செர்ட்டோ (ஒரு வாத்தியத்த முன்னாடி நிறுத்தி ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கறது) 1938ல முடிஞ்சது. ஆர்கன், தந்தி வாத்தியங்க, டிம்பனின்ற பெரிய முரசு, அவ்ளோதான், ஊதற வாத்தியம் ஒன்னு கூட கெடையாது. எனக்கு தோணற காரணம் சுலபம், ஆர்கனே ஊதற வாத்தியத்தோட கிடங்கு, இன்னொரு செட்டு எதுக்கு. எழுதச்சொல்லி காசு குடுத்தவங்க பொலின்யாக் இளவரசி, அவங்க சொந்த பேரு வினரெட்டா சிங்கர், நம்ம வீட்ல பாட்டி காலத்துல இருந்து இருக்கற சிங்கர் தையல் மிஷின் இருக்கே, அந்த சிங்கரோட பொண்ணு. மிதிச்சு சம்பாரிச்ச காசு மிதிக்கற வாத்தியத்துக்கே போச்சு.

ஸ்டாப் எத எங்க இழுக்கணும்னு பூலாங்குக்கு சொல்லி குடுத்தது மோரிஸ் துருஃப்லே, அரங்கேத்துனதும் அவர்தான், 1961ல பிரெத்ர்ன்ற கண்டக்டர் நடத்த பதிவும் பண்ணியிருக்காரு, அதையே கேளுங்க. இருபத்தி சொச்சம் நிமிஷம், நடுவுல நிறுத்தமே இல்ல, அழறதும் சர்க்கஸும் அடுத்தடுத்து வரும். கடைசில வயோலாவும் செல்லோவும் தனியா பாடும்போது ஆர்கன் அடியில மெல்லிசா நிக்கும், மறுபடி நம்ம ஒத்து.

ஒரு வேடிக்கை. இது ஜி மைனர். கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ். நம்ம கரண்ட் 50. எங்க வீட்டு இன்வெர்ட்டர் உறுமறது கிட்டத்தட்ட ஜி-தான், கொஞ்சம் சுருதி ஏறி. மொத கார்டு விழும்போது இன்வெர்ட்டரும் கூட பாடுது, அபஸ்வரமா. அதையும் ஆஃப் பண்ணிடுங்க.

ஏழாவது: ஹேண்டல், சின்ன ஆர்கன்

இவ்ளோ பெருச கேட்டு களைச்சு போனவங்களுக்கு. லண்டன்ல ஆரட்டோரியோ (பெரும்பாலும் பைபிள் கதைய பாட்டாவே பாடறது) நடக்கும்போது இடைவேளைல இசையமைப்பாளர் ஹேண்டலே வாசிச்ச ஆர்கன் கான்செர்ட்டோங்க இது, அதுல ஆறு 1738ல ஓப்பஸ் 4ன்னு அச்சாச்சு. பொதுவா கால்கட்டை இல்லாத சின்ன ஆர்கன், ஆர்கெஸ்ட்ராவும் சின்னது. நாலாவது கான்செர்ட்டோ எஃப் மேஜர்ல இருந்து ஆரம்பிங்க. இவர் எழுதுன தாள்ல அங்கங்க ஒன்னுமே இருக்காது, உன் இஷ்டத்துக்கு வாசின்னு மட்டும் இருக்கும். பின்னாடி கண்ணு போன காலத்துல அந்த எடத்துல மனசுல வர்றத வாசிச்சுகினே போவாரு, ஆர்கெஸ்ட்ரா கைய கட்டிகினு காத்திருக்கும், அவர் ட்ரில் (பக்கத்து பக்கத்து ரெண்டு சுரத்த வேகமா மாத்தி மாத்தி வாசிக்கறது) போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம், எல்லாரும் சேந்துக்குவாங்க. தனி ஆவர்த்தனத்துல மிருதங்கம் மோரா வெச்சு கோர்வைக்கு வந்தா பாடறவர் நிமிந்து உக்காருவாரு பாருங்க, அதே கதை. ஒவ்வொரு ஆர்கன்காரரும் அந்த காலி எடத்துல வேற வேற வாசிப்பாங்க, ரெண்டு பதிவ பக்கத்துல வெச்சு கேளுங்க.

இது மூணும் ஆச்சுன்னா அப்புறம் காப்லாண்டோட 1924 ஆர்கன் சிம்பொனி, ஜோங்கனோட சிம்பொனி கான்செர்தாந்த், ரைன்பெர்கரோட ரெண்டு கான்செர்ட்டோன்னு உங்க பாட்டுக்கு போகலாம், மாலரோட ரெண்டாவது சிம்பொனில கடைசில ஆர்கன் வரும், ஸ்ட்ராஸோட ஸரத்துஸ்த்ரால மொத சுரமே ஆர்கன் பெடலும் கூட சேந்த பேஸ் வாத்தியங்களும்தான், அந்த ஆரம்ப பகுதி முடியும்போது ஆர்கெஸ்ட்ரா நின்ன அப்புறமும் ஆர்கன் மட்டும் ஒரு நொடி கூட நிக்கும், அத புடிச்சீங்கன்னா இதுவரைக்கும் எழுதுனது வீண் இல்ல.

எட்டாவது: ஒரு நிஜ குழல கேளுங்க

இயர்ஃபோன்ல கேட்டது பாதிதான். காட்பாடில காலைல ஏறுனா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல சென்ட்ரல். எழும்பூர்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்குன்ற சர்ச், சென்ட்ரல்ல இருந்து ஆட்டோல பக்கம், அங்க பைப் ஆர்கன் இருக்கு, கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்லயும் இருக்கு. ஞாயித்துக்கெழம எந்த ஆராதனைல வாசிப்பாங்கன்னு முன்னாடியே ஆபீஸ்ல கேட்டுக்கங்க, போய்ட்டு திரும்பி வர்றது கஷ்டம். ஆர்கெஸ்ட்ரா இருக்காது, பரவால்ல, குழலுக்கு பழகறதுதான் இப்ப வேல. ரொம்ப பக்கத்துல உக்காராதீங்க, கட்டடத்தோட நடுவுல உக்காருங்க, செருப்ப கழட்டிட்டு கால தரைல வைங்க, கைய முன்னாடி பெஞ்சு மேல வைங்க.

என் மச்சானையும் கூட்டிகினு போனேன். மொத பாமாலைல பெடல் எறங்குச்சு, அவன் பெஞ்சுல இருந்து கைய வெடுக்குனு எடுத்தான், அப்புறம் மெதுவா மறுபடி வெச்சான்.